குழந்தைக்குத் தெரிந்தே பூட்டுவோம்

2024-ஆம் ஆண்டு 'பிரதம்' அமைப்பின் 'ஏசர்' கல்வி ஆய்வுக்காக நாடெங்கும் கிராமங்களில் வீடு வீடாகப் போனவர்கள், 14 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகளிடம் செல்போனைப் பற்றியும் கேட்டார்கள். பத்துப் பேரில் ஒன்பது பேர் வீட்டில் ஸ்மார்ட்போன் இருந்தது. பத்தில் எட்டுப் பேர் அதைப் பயன்படுத்தத் தெரியும் என்றார்கள். அப்படித் தெரிந்தவர்களில், முந்தைய ஒரு வாரத்தில் படிப்புக்காகப் போனை எடுத்தவர்கள் 57 சதவீதம். சமூக வலைத்தளங்களுக்காக எடுத்தவர்கள் 76 சதவீதம். இதுகூடப் பெரிதில்லை. சமூக வலைத்தளம் பார்க்கும் அந்தப் பிள்ளைகளில், தொல்லை கொடுக்கும் ஒருவரைத் தடுக்கவோ புகார் செய்யவோ தெரிந்தவர்கள் 62 சதவீதம்தான். தன் பக்கத்தை அந்நியர்கள் பார்க்காதபடி வைத்துக்கொள்ளத் தெரிந்தவர்கள் 55 சதவீதம். உள்ளே போகும் வழி தெரிந்த பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குக் கதவைச் சாத்தத் தெரியவில்லை என்பதுதான் இதற்குப் பொருள்.

இதற்கு நம் வீடுகளில் இரண்டு விதமான பதில்கள் பழக்கத்தில் இருக்கின்றன. 'கொஞ்ச நேரம் தொந்தரவு பண்ணாமல் இருக்கட்டும்' என்று போனைக் கையில் கொடுத்துவிடுவது ஒன்று. கோபம் வந்த ஒருநாள் அதைப் பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டுவது இன்னொன்று. பல வீடுகளில் ஒரே வாரத்தில் இரண்டுமே நடக்கும். மூன்றாவது வழி ஒன்று அந்தப் போனுக்குள்ளேயே இருக்கிறது. 'பேரன்டல் கன்ட்ரோல்' எனப்படும் பெற்றோர் கட்டுப்பாடு அது. எந்தச் செயலி, எவ்வளவு நேரம், எந்த வயதுக்குரிய காட்சி, யாருடைய காசு என்ற நான்கையும் பெரியவர்கள் முன்கூட்டியே தீர்மானித்துவைக்கும் வசதி. தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. இதைக் கட்டாயம் பயன்படுத்த வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். ஆனால் பிள்ளைக்குத் தெரிந்து, பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, வயது ஏற ஏறத் தளர்த்துவோம் என்று சொல்லிப் பயன்படுத்த வேண்டும். தெரியாமல் போடுகிற பூட்டு, பூட்டே இல்லாததைவிட அதிகக் கெடுதல் செய்யும்.

ஒரே போன், நான்கு பேர்

2020-இல் ஊரடங்கு வந்தபோது பள்ளிக்கூடம் செல்போனுக்குள் புகுந்தது. அதுவரை 'போனைத் தொடாதே' என்று சொன்ன வீடுகள், கடன் வாங்கியாவது ஒரு ஸ்மார்ட்போன் வாங்கின. பள்ளிகள் திறந்தபின் பிள்ளைகள் வகுப்புக்குத் திரும்பினார்கள். போன் வீட்டிலேயே தங்கிவிட்டது. இன்றும் பல பள்ளிகளில் வீட்டுப்பாடம் வாட்ஸ்அப் குழுவில்தான் வருகிறது. மாலை ஏழு மணிக்கு அம்மாவின் போனை வாங்கி, ஆசிரியர் அனுப்பிய பக்கத்தைப் பார்த்து எழுத உட்காருகிறது பிள்ளை. அதே போனில் அம்மாவின் வங்கிக் கணக்கு இருக்கிறது. அப்பா உறுப்பினராக இருக்கும் குழுக்களின் வீடியோக்கள் இருக்கின்றன. பாட்டி மதியம் பார்த்த சீரியலின் தொடர்ச்சியாக யூடியூப் எதையோ பரிந்துரைத்துக்கொண்டிருக்கிறது. வீட்டுப்பாடத்துக்கும் இவை எல்லாவற்றுக்கும் நடுவே இருப்பது ஒரு விரல் தள்ளும் தூரம்.

கட்டுப்பாட்டு வசதிகளை வடிவமைத்த நிறுவனங்கள் வேறொரு வீட்டை மனதில் வைத்திருந்தன. அங்கே பிள்ளைக்கென்று தனிச் சாதனம் இருக்கும், தனிக் கணக்கு இருக்கும். பெற்றோர் தங்கள் போனிலிருந்து அதை நிர்வகிப்பார்கள். நம் வீடுகளில் நிலைமை வேறு. ஏசர் ஆய்வில், போன் பயன்படுத்தத் தெரிந்த பிள்ளைகளில் சொந்தமாகப் போன் வைத்திருந்தவர்கள் 14 வயதில் 27 சதவீதம், 16 வயதில் ஏறத்தாழ 38 சதவீதம். மற்றவர்கள் வீட்டில் யாருடைய போனையோதான் பார்க்கிறார்கள். எனவே நம் ஊரில் பெற்றோர் கட்டுப்பாடு என்பது முதலில் பெற்றோரின் சொந்தப் போனிலிருந்து தொடங்க வேண்டிய வேலை.

அதற்கு அரை மணி நேரம் போதும். ஆண்ட்ராய்டு போனில் ப்ளே ஸ்டோரைத் திறந்து, மேலே வலது மூலையில் உள்ள உங்கள் படத்தைத் தொட்டால் செட்டிங்ஸ் வரும். அதற்குள் 'ஃபேமிலி', அதற்குள் 'பேரன்டல் கன்ட்ரோல்ஸ்'. அதை இயக்கியதும் நான்கு இலக்கப் பின் நம்பர் ஒன்று கேட்கும். போனைத் திறக்கும் எண்ணையோ, பிள்ளையின் பிறந்த ஆண்டையோ இதற்கு வைக்காதீர்கள். பிறகு 3, 7, 12, 16, 18 என்று வயதுப் படிகள் வரும். உங்கள் பிள்ளைக்குரிய படியைத் தேர்ந்தெடுத்தால், அதற்கு மேற்பட்ட வயதினருக்கான விளையாட்டுகளை அந்தப் போனில் புதிதாக இறக்க முடியாது. 'புதிதாக' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். ஏற்கெனவே போனில் இருப்பவற்றை இது தொடாது. அவற்றை நீங்கள்தான் ஒவ்வொன்றாகப் பார்த்து நீக்க வேண்டும். ப்ளே ஸ்டோருக்கு வெளியே, ஏதோ ஒரு இணைப்பிலிருந்து செயலியை இறக்கும் அனுமதியையும் செட்டிங்ஸில் மூடிவிட வேண்டும்.

அடுத்தது காசு. ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்டோ கைரேகையோ கேட்கும்படி ப்ளே ஸ்டோரில் அமைக்கலாம். போனில் பிள்ளையின் கைரேகையும் பதிவாகியிருந்தால் இந்தக் காவலுக்கு அர்த்தமில்லை. சிறு தொகைகளைப் பின் நம்பர் கேட்காமலே அனுப்பிவிடும் யூபிஐ லைட் வசதியைப் பிள்ளை தொடும் போனில் வைக்க வேண்டாம். மாதாமாதம் தானாகப் பணம் எடுக்கும் 'ஆட்டோபே' பட்டியலை ஒருமுறை திறந்து பாருங்கள்; நினைவில்லாத சந்தா ஏதாவது இருந்தால் ரத்து செய்யுங்கள். அதன்பின் 'ஆப் பின்னிங்' என்றொரு வசதி. 2014 முதலே ஆண்ட்ராய்டில் இருக்கிறது. வீட்டுப்பாடம் உள்ள பக்கத்தைத் திறந்து, வெளியேற எண் கேட்கும்படி அமைத்து, அந்தச் செயலியை 'பின்' செய்து கொடுத்தால், உங்கள் எண்ணைப் போடாமல் பிள்ளை அதைவிட்டு வெளியே போக முடியாது. ஐபோனில் இதையே 'கைடட் ஆக்சஸ்' செய்கிறது. ஒரு போனை நான்கு பேர் பகிரும் வீட்டுக்கு இதைவிடப் பயனுள்ள வசதி வேறில்லை.

யூடியூபைத் தனியாகக் கவனிக்க வேண்டும். பெரியவர்கள் பார்த்ததை வைத்துத்தான் அது அடுத்ததைப் பரிந்துரைக்கிறது. அப்பா இரவில் பார்த்த குற்றக் கதைகளின் தொடர்ச்சி, காலையில் குழந்தைப் பாட்டுக்குக் கீழே வந்து நிற்கும். சிறு குழந்தைகளுக்கு 'யூடியூப் கிட்ஸ்' என்ற தனிச் செயலி இருக்கிறது. நான்கு வயது வரை, 5 முதல் 8 வரை, 9 முதல் 12 வரை என்று மூன்று பிரிவுகள் அதில் உண்டு. தேடும் வசதியையே மூடிவைக்கலாம். பெற்றோர் தேர்ந்தெடுத்த வீடியோக்கள் மட்டும் வரும்படியும் வைக்கலாம். இந்தக் கடைசி வசதிக்கு உங்கள் நேரம் கொஞ்சம் செலவாகும்; ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அந்த நேரத்தைச் செலவிடுவது தகும்.

பிறந்த தேதியில் ஒரு பொய்

பிள்ளைக்கென்று தனிப் போனோ டேப்லெட்டோ வாங்குகிற வீடுகளில் வேலை இன்னும் முறையாக நடக்கும். கூகுள் 2017-இல் 'ஃபேமிலி லிங்க்' செயலியைக் கொண்டுவந்தது. ஆப்பிள் 2018-இல் 'ஸ்கிரீன் டைம்' வசதியைச் சேர்த்தது. இரண்டும் ஏறத்தாழ ஒரே வேலையைச் செய்கின்றன. பிள்ளை ஒரு செயலியை இறக்க நினைத்தால் உங்களிடம் அனுமதி கேட்கும். நாளுக்கு இவ்வளவு நேரம், இந்தச் செயலிக்கு இவ்வளவு நிமிடம், இரவு இத்தனை மணிக்குப் போன் தூங்கிவிடும் என்று வகுக்கலாம். ஃபேமிலி லிங்க் மூலம் பிள்ளையின் குறுஞ்செய்திகளைப் படிக்கவோ அழைப்புகளை ஒட்டுக்கேட்கவோ முடியாது. பலர் இதைக் குறையாகச் சொல்கிறார்கள். எல்லை வகுப்பது ஒரு வேலை, அந்தரங்கத்தைக் கிளறுவது இன்னொரு வேலை. முதலாவதோடு நின்றுகொள்வதுதான் அந்தச் செயலியின் நல்ல குணம்.

இவற்றை எல்லாம்விட வலிமையான ஒரு கட்டுப்பாடு, கணக்குத் தொடங்கும் முதல் திரையிலேயே இருக்கிறது. பிறந்த தேதி. இன்ஸ்டாகிராமில் சேரக் குறைந்தது 13 வயது ஆக வேண்டும். பத்து வயதுப் பிள்ளைக்குக் கணக்கு வேண்டுமென்றால் ஆண்டை மாற்றிப் போட்டால் போதும். சில வீடுகளில் அந்த ஆண்டை மாற்றிப் போட்டுக் கொடுப்பது பெற்றோரே. அந்த நொடியில் அந்த நிறுவனத்தின் கண்ணில் பிள்ளை பெரிய ஆளாகிவிடுகிறது. 2025 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்த இன்ஸ்டாகிராமின் 'டீன் அக்கவுன்ட்' திட்டத்தில், 18 வயதுக்குட்பட்டவர்களின் பக்கம் தானாகவே மூடியிருக்கும். முன்பின் தெரியாதவர்கள் செய்தி அனுப்ப முடியாது. இரவு பத்து மணி முதல் காலை ஏழு மணி வரை அறிவிப்புகள் வராது. 16 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் இவற்றைத் தளர்த்தப் பெற்றோர் சம்மதிக்க வேண்டும். பிறந்த தேதியில் பொய் சொன்ன பிள்ளைக்கு இவற்றில் ஒன்றும் கிடைக்காது. பத்து வயதில் சொன்ன அந்தப் பொய், நிஜமாகப் பதினான்கு வயது ஆகும்போதும் கூடவே வரும்.

விளையாட்டுகளிலும் இதே கதைதான். தடைக்குப்பின் 2023-இல் திரும்பி வந்த பிஜிஎம்ஐ என்ற செல்போன் விளையாட்டு, 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் என்று வரம்பு வைத்தது. 'எனக்கு 18 ஆகிவிட்டது' என்று சொல்பவருக்கு அந்த வரம்பு ஆறு மணி நேரம். எனவே வீட்டுக்குப் புதுப் போன் வந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, உண்மையான பிறந்த தேதியோடு பிள்ளைக்கு ஒரு கணக்குத் தொடங்குவது. ஏற்கெனவே பொய்த் தேதியோடு ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தால் அதை மூடிவிட்டுப் புதிதாகத் தொடங்குவது நல்லது. அழுகை வரும், கோபம் வரும். அதைத் தாங்கிக்கொள்ளலாம்.

பூட்டால் ஆகாத வேலை

இவ்வளவையும் செய்தால் பிள்ளை பத்திரம் என்று நிம்மதியாக இருந்துவிடலாமா என்றால், முடியாது. ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, ஐரோப்பிய வீடுகளில் இணைய வடிகட்டிகள் எவ்வளவு வேலை செய்கின்றன என்று கணக்கிட்டது. ஒரே ஒரு பிள்ளை ஆபாசத்தைப் பார்க்காமல் காப்பதற்கு, 17 முதல் 77 வீடுகள் வரை வடிகட்டி போட்டிருக்க வேண்டும் என்பது அவர்கள் கண்ட முடிவு. தமிழ்ப் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கலும் சேர்கிறது. பெரிய நிறுவனங்கள் இந்த வடிகட்டிகளை முதலில் ஆங்கிலத்துக்குத்தான் செய்கின்றன. 2021-இல் ஃபேஸ்புக்கின் முன்னாள் ஊழியர் பிரான்சஸ் ஹாகன் வெளிக்கொண்டுவந்த ஃபேஸ்புக் ஆவணங்கள், இந்திக்கும் வங்க மொழிக்குமே வெறுப்புப் பேச்சைக் கண்டறியும் கருவிகள் நெடுங்காலம் போதாமல் இருந்ததைக் காட்டின. ஆங்கில எழுத்தில் தமிழை எழுதிக் கெட்ட வார்த்தை பேசுவதை எந்திரம் பிடித்துவிடும் என்று நம்பி இருக்க முடியாது.

பிள்ளைகளின் கெட்டிக்காரத்தனத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஒரே செயலியை இரண்டாகப் பிரிக்கும் வசதி, விருந்தினர் கணக்கு, வேறொரு பிரவுசர், வாட்ஸ்அப்பில் வந்த இணைப்புக்குள்ளேயே ஓடும் வீடியோ, தாத்தாவின் போன், நண்பனின் போன் என்று சந்துகள் பல. அரசுகளே இதில் தோற்றிருக்கின்றன. 16 வயதுக்குட்பட்டவர்கள் நள்ளிரவு முதல் காலை ஆறு வரை இணைய விளையாட்டு ஆடக்கூடாது என்று தென்கொரியா 2011-இல் சட்டம் போட்டது. பிள்ளைகள் பெற்றோரின் அடையாள எண்ணைக் கொண்டு நுழைந்தார்கள். பத்தாண்டு பார்த்துவிட்டு அந்தச் சட்டத்தைக் கைவிட்டார்கள். 2022 ஜனவரி முதல் அது இல்லை. சீனா 2019-இல் சிறுவர்களின் ஆட்ட நேரத்துக்கு வரம்பு கட்டியது. அதன் விளைவை ஆராய்ந்து 2023-இல் 'நேச்சர் ஹியூமன் பிஹேவியர்' இதழில் வந்த ஆய்வு, அளவுக்கு மிஞ்சி ஆடுவது குறைந்ததற்குச் சான்று எதையும் காணவில்லை.

அப்படியானால் பூட்டு எதற்கு என்று கேட்கலாம். வேலி மாட்டை முழுதாகத் தடுக்காது. கன்று வேர் பிடிக்கும்வரை அவகாசம் தரும். எட்டு வயதுப் பிள்ளை தற்செயலாகக் கண்டதையும் பார்த்துவிடாமல் தடுப்பதும், கைதவறிய ஒரு தொடுதலில் கணக்கிலிருந்து காசு போய்விடாமல் காப்பதும், இரவு பதினோரு மணிக்குப் போனைக் கீழே வைக்கும் சண்டையைத் தினமும் தாய் போடாமல் இயந்திரமே முடித்துவைப்பதும் சின்ன உதவிகள் இல்லை. மனவுறுதியோடு தேடிப் போகும் பதினைந்து வயதுப் பிள்ளையை இது தடுக்காது. அந்த வயதுக்குத் தேவைப்படும் பழக்கத்தை அதற்கு முந்தைய ஆண்டுகளில் உண்டாக்க இது இடம் கொடுக்கும்.

ஒளிந்து பார்க்கும் கண்

சிலர் இதற்கு எதிர்த்திசையில் போகிறார்கள். பூட்டு போதவில்லை என்றால் உளவு பார்த்துவிடுவோம் என்பது அவர்கள் எண்ணம். பிள்ளைக்குத் தெரியாமல் போனுக்குள் ஒளிந்திருந்து செய்திகள், படங்கள், அழைப்புகள் அனைத்தையும் பெற்றோருக்கு அனுப்புவதாகச் சொல்லும் செயலிகளைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். முதலில் பாதுகாப்பைப் பார்ப்போம். இப்படிப்பட்ட செயலிகளில் பெயர்பெற்ற 'எம்ஸ்பை' 2015, 2018, 2024 ஆகிய ஆண்டுகளில் தன்னிடமிருந்த தரவுகளைக் கசியவிட்டது. அரசு ஆதரவோடு வந்த செயலியின் கதியும் அதுதான். தென்கொரியா 2015-இல் 19 வயதுக்குட்பட்டவர்களின் போன்களில் கண்காணிப்புச் செயலி இருக்க வேண்டும் என்று விதித்தது. அதற்காக வந்த 'ஸ்மார்ட் ஷெரிஃப்' செயலியைக் கனடாவின் 'சிட்டிசன் லேப்' ஆய்வு மையம் ஆராய்ந்து, 26 பாதுகாப்புக் குறைகளைக் கண்டது. பிள்ளைகளின் விவரங்களை அந்நியர்கள் எடுத்துவிடும் நிலை இருந்தது. சில மாதங்களில் அந்தச் செயலி திரும்பப் பெறப்பட்டது. வேலியே பயிரை மேய்ந்தது.

பாதுகாப்பைவிடப் பெரிய இழப்பு நம்பிக்கையில் நேர்கிறது. அமெரிக்காவின் சென்ட்ரல் ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ப்ளே ஸ்டோரில் 37 பெற்றோர் கட்டுப்பாட்டுச் செயலிகளுக்குப் பிள்ளைகளே எழுதிய 736 கருத்துகளைப் படித்து 2018-இல் வெளியிட்டார்கள். எழுதியவர்களில் 79 சதவீதம் பேர் இரண்டு நட்சத்திரமோ அதற்கும் கீழோதான் கொடுத்திருந்தார்கள். அந்தரங்கத்தில் நுழைகிறது, பெற்றோருக்கும் தங்களுக்கும் உள்ள உறவைக் கெடுக்கிறது என்பவை அவர்கள் சொன்ன முக்கியக் காரணங்கள். பூட்டு பிடிக்காத பிள்ளை வேறென்ன எழுதும் என்று இதை ஒதுக்கிவிடலாம். அதே துறையில் அதற்கு முந்தைய ஆண்டு வந்த இன்னோர் ஆய்வு 75 செயலிகளின் வசதிகளை அலசியது. அவற்றில் 89 சதவீதம் பெற்றோர் கட்டுப்படுத்துவதற்கானவை. பிள்ளை தன்னைத் தானே ஒழுங்கு செய்துகொள்ள உதவுபவை வெறும் 11 சதவீதம். அடுத்தவர் பிடித்துக்கொண்டே இருந்தால் சைக்கிள் ஓட்டக் கற்க முடியாது. பிள்ளைகளின் குறையில் நியாயம் இருக்கிறது.

நம் ஊரில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. கட்டுப்பாடு என்றாலே அது பெண் பிள்ளைமேல்தான் முதலில் விழுகிறது. ஏசர் ஆய்வில் போன் பயன்படுத்தத் தெரிந்த பையன்களில் 36 சதவீதம் பேரிடம் சொந்தப் போன் இருந்தது. பெண்களில் 27 சதவீதம் பேரிடம்தான். பாதுகாப்பு அமைப்புகளைக் கையாளத் தெரிந்தவர்களிலும் பெண்கள் பின்தங்கியே இருந்தார்கள். அண்ணனுக்குத் தனிப் போனும் தங்கைக்கு வேவுச் செயலியும் என்று இருக்கிற வீட்டில் அந்தப் பெண் கற்றுக்கொள்வது எச்சரிக்கையை இல்லை, மறைப்பதை. ஒரே வயதில் ஒரே விதி என்பதைப் பெற்றோர் எழுதியே வைத்துக்கொள்ள வேண்டும். பையனுக்கும் அதே இரவுப் பூட்டு, அதே நேரக் கணக்கு. அடுத்த வீட்டுப் பெண்ணின் படத்தை அனுமதியின்றிப் பகிரக்கூடாது என்ற பாடம் அவனுக்குத்தான் அதிகம் தேவை.

நான்கு கேள்விகள்

'இதையெல்லாம் சட்டம் பார்த்துக்கொள்ளக் கூடாதா?' என்பது நியாயமான கேள்வி. நிறுவனங்களின் தலையில் இருக்க வேண்டிய சுமையைப் பெற்றோர் தலையில் வைப்பது சரியில்லை என்பதும் உண்மை. ஆஸ்திரேலியா 16 வயதுக்குட்பட்டவர்கள் சமூக வலைத்தளக் கணக்கு வைத்திருப்பதை 2025 டிசம்பர் 10 முதல் தடுத்திருக்கிறது. தவறினால் அபராதம் நிறுவனங்களுக்கு, பெற்றோருக்கு இல்லை. அதே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இணையச் சேவை நிறுவனங்கள் பெற்றோர் கட்டுப்பாட்டு வசதியைத் தர வேண்டும் என்று கோரிய பொதுநல வழக்கில், ஆஸ்திரேலியாவைப் போன்ற சட்டத்தை மத்திய அரசு ஆராயலாம் என்று யோசனை சொன்னது. நம் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இலேயே 18 வயதுக்குட்பட்ட எல்லோரையும் குழந்தைகள் என்று வரையறுத்து, அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதைத் தடுத்து, மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வந்தன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து பதினெட்டு மாதம். சட்டம் வரட்டும், வேண்டும். ஆனால் உங்கள் பிள்ளைக்கு இன்று ஒன்பது வயது. கெஜட் அறிவிப்புக்காக அந்த வயது காத்திருக்காது.

'பிள்ளையை நம்ப வேண்டாமா?' என்பது இரண்டாவது கேள்வி. பிள்ளையை நம்பலாம். விரல் வைத்த இடத்தில் ஒட்டிக்கொள்ளும்படி ரீல்ஸையும் ஷார்ட்ஸையும் வடிவமைத்திருப்பவர்களை எதற்கு நம்ப வேண்டும்? முடிவே இல்லாமல் உருண்டு வரும் திரைக்கு முன்னால் நாற்பது வயதுக்காரர்களே தடுமாறுகிறோம். நீச்சல் தெரியாத பிள்ளையை ஆழமில்லாத பக்கத்தில் இறக்குவதை அவநம்பிக்கை என்று யாரும் சொல்வதில்லை.

'அப்படியானால் போனே கொடுக்காமல் இருந்துவிடலாமே?' என்கிறார்கள் சிலர். சிறு வயதுக்கு இது சரியான பதில்தான். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஒரு வயதுக் குழந்தைக்கும் அதற்குக் குறைந்தவர்களுக்கும் திரையே வேண்டாம் என்கிறது; 2 முதல் 4 வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்கிறது. ஆனால் பள்ளி முடியும்வரை ஒன்றுமே காட்டாமல் வைத்திருந்து, கல்லூரி விடுதிக்கு அனுப்பும் நாளில் புதுப் போனைக் கையில் கொடுத்தால், ஆறு வருடம் மெல்லமெல்லக் கற்க வேண்டியதைப் பிள்ளை ஒரே வாரத்தில் தனியாகக் கற்க நேரும். கேட்க ஆளில்லாத இடத்தில் கற்க நேரும்.

'எங்களுக்கு இந்த டெக்னாலஜி எல்லாம் தெரியாதே, பிள்ளைதானே எங்களுக்கே சொல்லித் தருகிறது?' என்பது நான்காவது. இதுதான் பல தாய்மார்களின் உண்மையான தயக்கம். இங்கேதான் தெரிந்தே பூட்டும் வழி கைகொடுக்கிறது. ரகசியமாகப் பூட்ட வேண்டுமானால் நீங்கள் பிள்ளையைவிடக் கெட்டிக்காரராக இருக்க வேண்டும். வெளிப்படையாகப் பூட்டுவதற்கு அது தேவையில்லை. 'வா, இதை எப்படிப் போடுவது என்று பார்ப்போம்' என்று பிள்ளையையே தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லலாம். எண்ணை மட்டும் நீங்கள் போடுங்கள். எவ்வளவு நேரம் போதும் என்று அதனிடமே கேளுங்கள். தானும் பேசி முடிவு செய்த விதியை மீறுவதற்குப் பிள்ளைக்கும் மனம் அவ்வளவு எளிதில் வராது.

தளர்த்தும் கணக்கு

விதிகள் ஆண்டுக்கு ஒருமுறை மாற வேண்டும். பிறந்தநாள் அதற்கு நல்ல நாள். ஒன்பது வயதுவரை கூடத்தில், பெரியவர் கண்ணெதிரே மட்டும் போன். தேர்ந்தெடுத்த செயலிகள் மட்டும். பத்து முதல் பன்னிரண்டு வரை, புதிய செயலி வேண்டுமென்றால் ஏன் என்று பிள்ளை சொல்லட்டும். சேர்ந்து பார்த்துவிட்டு அனுமதிக்கலாம். பதின்மூன்றில் சமூக வலைத்தளம் அவசியம் என்றால் உண்மையான பிறந்த தேதியோடு தொடங்கி, பக்கத்தை மூடிவைக்கவும் தொல்லை தருபவரைத் தடுக்கவும் முதல் நாளே கற்றுத்தர வேண்டும். ஏசர் எண்ணிக்கை சொன்ன குறை இதுதானே? பதினைந்து, பதினாறில் செயலிக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு இரவுப் பூட்டை மட்டும் வைக்கலாம். பதினேழில் அதையும் பிள்ளையே பார்த்துக்கொள்ளட்டும். ஒரு விதி மட்டும் எல்லா வயதுக்கும் பொது: இரவில் எல்லாப் போனும் படுக்கையறைக்கு வெளியே சார்ஜ் ஆக வேண்டும். அப்பாவின் போனும் அதில் சேரும். பெரியவர்கள் சாப்பாட்டுத் தட்டுக்கு முன் ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருக்கும் வீட்டில் எந்தச் செயலியும் பலன் தராது.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஏற்பாடு எந்த செட்டிங்ஸிலும் கிடையாது. இணையத்தில் ஒரு அந்நியன் மிரட்டும்போது, ஒரு படம் தவறான கைக்குப் போகும்போது, பிள்ளை வீட்டில் சொல்லாமல் மறைப்பதற்கு முதல் காரணம் திட்டு விழும், போன் போய்விடும் என்ற பயம். மிரட்டுபவன் நம்பியிருப்பதும் அந்தப் பயத்தைத்தான். 'என்ன நடந்தாலும் என்னிடம் சொல். சொன்னதற்காகப் போனைப் பிடுங்க மாட்டேன்' என்று முன்கூட்டியே வாக்குக் கொடுங்கள். அந்த நாள் வரும்போது அதைக் காப்பாற்றுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098, இணையக் குற்றங்களுக்கான உதவி எண் 1930. இரண்டையும் பிள்ளையின் போனில் அதன் கையாலேயே பதியச் சொல்லுங்கள். இன்றிரவு சாப்பாடு முடிந்ததும் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, முதலில் உங்கள் போனைத் திறந்து தொடங்குங்கள்.